கன்டாக் பயிற்சி: டம்மியை எறியறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எல்லாம்

கன்டாக்னா வேட்டையில சுட்டு விழற பறவையை எடுத்துட்டு வர்ற நாய், டம்மின்னா அந்தப் பறவைக்குப் பதிலா எறியற கேன்வாஸ் பொதி. ஞாயித்துக்கிழமை காலையில திடலுக்கு இந்தப் பயிற்சிக்குப் புதுசா வர்றவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க. பையில இருந்து புத்தம்புது டம்மியை எடுத்து கை வலிக்கற அளவுக்குத் தூரமா ஒரு வீசு வீசுவாங்க, நாய் பாய்ஞ்சு போய் கவ்விட்டு திடலைச் சுத்தி மூணு ரவுண்டு ஓடும், பின்னாடியே இவங்க பேரைச் சொல்லி கத்திக்கிட்டே ஓடுவாங்க. நாய்க்குச் செம ஜாலி. பார்க்கற நமக்கும் ஜாலிதான், ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல நாய் கத்துக்கிட்டதை மறக்கடிக்க ரெண்டு மாசம் ஆகும். நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனால கிண்டல் பண்ணலை.

நம்ம ஆளுங்களுக்கு வேட்டை நாய்ன்னா சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்தான் ஞாபகம் வரும். முயலைப் பார்த்துச்சுன்னா அம்பு மாதிரி போகும், யாரையும் கேக்காது. கன்டாக் அப்படியே தலைகீழ். பறவை கண்ணு முன்னாடி விழுந்தாலும் அசையாம உட்காந்திருக்கணும், போன்னு சொன்னாத்தான் போகணும், பல்லு படாம கவ்விட்டு வந்து கையில குடுக்கணும். ஓடறதும் கவ்வறதும் அதோட ரத்தத்துலயே இருக்கு, அதை நீங்க சொல்லித்தர வேண்டியதே இல்லை. காத்திருக்கறது மட்டும்தான் ரத்தத்துல இல்லை. அதனால கீழ சொல்ற வரிசையில டம்மி எறியறது ரொம்பத் தள்ளி வரும், அவசரப்பட்டு தாண்டிப் போகாதீங்க.

சிங்கப்பூர்ல வேட்டையும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது, அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பாங்க. இங்கிலாந்துலயே முழுக்க முழுக்க கேன்வாஸ் டம்மியை மட்டும் வெச்சு வொர்க்கிங் டெஸ்ட்னு போட்டியே நடத்தறாங்க. பறவை இல்லாமலே இந்தப் பயிற்சியை முழுசாப் பண்ணலாம்.

1. நாய் எது, வீடு எது, வயசு என்ன

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஸ்பேனியல், பாயிண்டர் வகைங்கதான் இதுக்குன்னே வளர்த்த ஜாதி. ஆனா எச்டிபி வீட்டுல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, லாப்ரடாரும் கோல்டனும் வெச்சுக்க முடியாது, அனுமதிச்ச ஜாதிப் பட்டியல்ல அதுங்க இல்லை. காண்டோ (தனியார் அடுக்குமாடி), தரைவீடுன்னா வெச்சுக்கலாம், காண்டோவுல நிர்வாகத்தோட விதியையும் ஒருதரம் பார்த்துக்கோங்க. எங்க மிளகு ஒரு கறுப்பு லாப்ரடார், காண்டோவுலதான் இருக்கா.

எச்டிபியில இருக்கறவங்க மனசை விட வேணாம். எங்க கூட பயிற்சிக்கு வர்ற ஒரு அக்கா வீட்டுல மினியேச்சர் பூடில், பேரு லட்டு. பூடில்னா சலூன்ல முடி வெட்டிட்டு வர்ற நாய்னு நெனைக்கறோம், ஆனா அந்த இனமே தண்ணியில விழுந்த பறவையை எடுத்துட்டு வரத்தான் இருந்துச்சு. ஊதுன உடனே இருந்த இடத்துலயே உட்கார வைக்கற ஸ்டாப் விசிலை மிளகைவிட லட்டுதான் சீக்கிரம் பிடிச்சுக்கிச்சு, எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் கடுப்புதான். இந்தப் பயிற்சிக்காகவே புது நாய் வாங்காதீங்க, வீட்டுல இருக்கறதை வெச்சு ஆரம்பிங்க.

வயசு விஷயத்துல, எட்டு வாரத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் விளையாட்டா உட்கார்றது, கூப்பிட்டா வர்றது, இது ரெண்டும் போதும். ஏறக்குறைய நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பால் பல்லு விழுந்து முளைக்கற நேரம், அப்போ டம்மியே வேணாம். ஈறு வலிக்கறப்ப கவ்வ வெச்சீங்கன்னா கவ்வறதே வலின்னு மனசுல பதிஞ்சுரும், இல்லைன்னா வலிக்கு மருந்தா நெனச்சு மெல்ல ஆரம்பிச்சுரும். குதிக்க விடறது, படி ஏத்தி இறக்கறது எல்லாம் பெரிய நாய்ங்களுக்கு ஒரு வயசு தாண்டறவரைக்கும் வேணாம், எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கும்.

இன்னொண்ணு, மூணு மாசத்துக்கு மேல எந்த நாய்க்கும் லைசென்ஸ் கட்டாயம், வெளியில போனா லீஷ் கட்டாயம். வேலி போட்ட டாக் ரன்னுக்குள்ள மட்டும் அவிழ்த்து விடலாம். வெளிநாட்டு வீடியோவுல நாயை அவிழ்த்து விட்டு பண்ற எல்லாத்தையும் நாம இங்க நீளக் கயிறு கட்டித்தான் பண்ணணும். முதல்ல எனக்கு இது தொல்லையாத்தான் தெரிஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது, கயிறு இருக்கறதால நாய்க்குச் சொல்பேச்சு கேக்காம தப்பிச்சுப் போற வாய்ப்பே கிடைக்கறதில்லை, அது ஒருதடவைகூட ருசிக்காத பழக்கம் வளரவும் வளராது.

2. வாங்க வேண்டியது, வாங்கக்கூடாதது

விசில்: ஆக்மி கம்பெனியோட பிளாஸ்டிக் விசில், நம்பர் 210.5 இல்லைன்னா 211.5. எது வேணா எடுங்க, ஆனா எடுத்த நம்பரை மாத்தாதீங்க. ஒரு நம்பர்ல எல்லா விசிலும் ஒரே சுருதி, அதனால தொலைஞ்சு போனாலும் அதே நம்பர்ல இன்னொண்ணு வாங்குனா நாய்க்கு வித்தியாசம் தெரியாது. பள்ளிக்கூட விளையாட்டு விசில் வேணாம், உள்ள குண்டு உருள்ற விசில்ல ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் வரும்.

ஸ்லிப் லீட்: கயிறும் கழுத்து வளையமும் ஒண்ணாவே இருக்கும், கழட்டி மாட்ட ஒரு செகண்ட்தான். நாய் உங்க இடது பக்கம் நடந்தா, நீங்க பிடிக்கற கயிறு கழுத்துக்கு மேல் பக்கமா வளையத்துக்குள்ள போகணும், அப்பத்தான் நீங்க தளர்த்துன உடனே வளையமும் தானா தளரும். தலைகீழா மாட்டினா தளராம இறுகியே இருக்கும், புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல பார்க்கறதே இதைத்தான்.

லாங் லைன்: 10 மீட்டர் நீளம், தண்ணி குடிக்காத கயிறா இருக்கணும். இதைக் கழுத்துல மாட்டாதீங்க, நெஞ்சைச் சுத்திப் போடற ஹார்னஸ்ல மாட்டுங்க, ஓடற வேகத்துல கயிறு முடிஞ்சா கழுத்து என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க கையுறை போடுங்க. நான் போடாம, மிளகு ஒரு மைனாவைப் பார்த்துட்டுப் பாய்ஞ்சப்ப கயிறு உள்ளங்கையில உரசிட்டே போச்சு, தோல் வழண்டு ஒரு வாரம் பிரியாணியைக் கரண்டியில சாப்பிட்டேன்.

டம்மி: பெரிய நாய்க்கு 450 கிராம், குட்டிக்கு 225 கிராம், ரெண்டு ரெண்டு வாங்குனாப் போதும். லட்டு சைஸ் நாய்க்கு அதுவும் கனம். பெயிண்ட் அடிக்கற ரோலரோட உறையை, புதுசா வாங்குனதை, ஒரு பழைய துணியில சுத்தித் தெச்சா அருமையான டம்மி. சாக்ஸ்ல மட்டும் செய்யாதீங்க, அப்புறம் வீட்டுல ஒரு சாக்ஸ் மிஞ்சாது.

அப்புறம் தீனி, தண்ணி, எடுத்துப் போட பை. டம்மியைத் தூரமாப் பறக்க விடற லாஞ்சர், சத்தத்துக்குன்னு துப்பாக்கி மாதிரி இருக்கற எதுவும், இதெல்லாம் வெளிநாட்டு சைட்டுல அழகா இருக்கும். இங்க அந்த நெனைப்பே வேணாம், பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டுத் திடலுக்குப் போனாலும் போலீஸ் வந்து நிக்கும்.

3. வீட்டுல எல்லாரும் ஒரே சொல்

இதை ஒரு படியா யாரும் எழுத மாட்டாங்க, ஆனா சிங்கப்பூர் வீட்டுல இதுதான் முதல் படி. எங்க வீட்டுல அம்மா "உட்காரு" ம்பாங்க, மனைவி "சிட்" ம்பாங்க, பையன் "சிட் சிட் சிட் சிட்" ம்பான், வீட்டு வேலைக்கு இருக்கற இந்தோனேசியா அக்கா "டுடுக்" ம்பாங்க. நாயைப் பொறுத்தவரைக்கும் இது நாலு வேற வேற சத்தம், எதுக்கும் முழு அர்த்தம் கிடையாது. பையனோடதுல இன்னொரு வம்பு, நாலாவது தடவைக்குத்தான் உட்காரணும்னு அது கத்துக்கும்.

ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. உட்கார ஒரு சொல், பக்கத்துல நடக்க ஒரு சொல், வர ஒரு சொல், எடுக்கப் போக ஒரு சொல், குடுக்க ஒரு சொல். தமிழா இங்கிலீஷா மலாயான்னு நாய்க்குக் கவலையில்லை. நாங்க சிட், ஹீல், வா, பேக், குடுன்னு கலந்துதான் வெச்சிருக்கோம். ஒண்ணை மட்டும் கவனிங்க, ரெண்டு சொல் ஒரே மாதிரி ஒலிக்கக்கூடாது. "வா" வும் "வேணாம்" மும் கத்துனா ஒரே மாதிரி ஆரம்பிக்கும், அதனால வேணாம்கறதுக்கு நாங்க "நோ" ன்னு மாத்திக்கிட்டோம். சொல்லை ஒருதடவை மட்டும் சொல்லுங்க. அது செய்யலைன்னா மறுபடி சொல்லாம, போய்க் கையால உட்கார வைங்க.

4. நேரம், இடம், வெயில்

சிங்கப்பூர்ல சூரியன் உதிக்கறதே ஏழு மணிக்கு. ஆறேமுக்காலுக்குக் கீழ எறங்குனா எட்டு மணிக்குள்ள முடிச்சிறலாம். சாயங்காலம்னா ஏழுக்கு மேல. பகல்ல 31, 32 டிகிரின்னாலும் காத்துல இருக்கற ஈரப்பதத்தால நாய்க்கு உடம்புச் சூடு எறங்காது, அதுக்கு இருக்கறது மூச்சு வாங்கறது ஒண்ணுதான், ஈரக் காத்துல அந்த வழியும் பாதிதான் வேலை செய்யும். கறுப்பு லாப்ரடாருக்குச் சொல்லவே வேணாம். தார் ரோட்டுல புறங்கையை ஏழு செகண்ட் வெச்சுப் பாருங்க, உங்களால முடியலைன்னா அதாலயும் முடியாது.

நாக்கு அகலமா தொங்கறது, எச்சில் கெட்டியா வடியறது, ஈறு செக்கச் செவேல்னு ஆகறது, நடை தள்ளாடறது, இதுல எதைப் பார்த்தாலும் அந்த நிமிஷமே நிறுத்துங்க. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி, காத்து படற மாதிரி வெச்சு, அப்புறம் நாய் டாக்டர்கிட்ட ஓடுங்க. குளிர வைக்காம அப்படியே கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போனா வழியிலேயே நிலைமை மோசமாயிரும்.

இடம் தேடறப்ப எல்லாருக்கும் முதல்ல தோணறது டாக் ரன். பீஷான் அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, காத்தோங் பூங்கான்னு இருக்கு, அவிழ்த்தும் விடலாம். ஆனா ஆரம்பத்துல அங்க போகாதீங்க. மத்த நாய்ங்க உங்க டம்மியைப் பிடுங்கும், உங்க நாய் கவ்வுனதைப் பாதுகாக்கக் கத்துக்கும், அது கத்துக்கக் கூடாத முதல் பாடமே அதுதான். முதல் ரெண்டு மாசம் வீட்டு ஹால், அப்புறம் வாய்ட் டெக்ல, அதாவது புளோக்குக்குக் கீழ திறந்து கிடக்கற தளத்துல, ஓரமா ஆள் இல்லாத மூலை, அப்புறம் திடல், கயிறோட.

காட்டுக்கோழி சுத்தற பேட்டை, உடும்பு வர்ற கால்வாய் ஓரம், குரங்கு இருக்கற இடம் எல்லாம் வேணாம். காட்டு விலங்கை நாய் துரத்துச்சுன்னா உங்களுக்கும் வம்பு. நீர்நாய்க் கூட்டத்தைப் பார்த்தா பேசாம திரும்பி நடங்க, குட்டியோட இருக்கறப்ப அதுங்க நாயைக் கூட்டமா வந்து கடிக்கும்.

5. உட்கார், இரு

சாப்பாட்டுத் தட்டுல ஆரம்பிங்க. தட்டோட குனியறீங்க, நாய் எழுந்தா நீங்களும் தட்டோட நிமிருங்க. பேச வேணாம். உட்காந்தா மறுபடி குனியுங்க. மூணு நாள்ல தட்டு தரையைத் தொடற வரைக்கும் உட்காந்திருக்கும். அப்புறம் தட்டை வெச்சுட்டு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு "சரி" சொல்லுங்க, தினம் ரெண்டு வேளை, தனியா நேரமே ஒதுக்க வேணாம்.

இதுக்கான காரணம் ரொம்ப முக்கியம். நாம நாய்க்கு உட்காரச் சொல்லித்தரலை. ஆசைப்பட்டது கண்ணு முன்னாடி இருக்கறப்ப பாய்ஞ்சா தள்ளிப் போகும், இருந்தா தானா வரும், அதைத்தான் சொல்லித்தர்றோம். பின்னாடி டம்மி விழறப்ப இதே கணக்குதான் ஓடும்.

அடுத்தது நேரம், தூரம், கவனச்சிதறல். மூணையும் ஒண்ணா ஏத்தாதீங்க. 30 செகண்ட் இருக்குதுன்னா ரெண்டு அடி தள்ளி நில்லுங்க, ஆனா அப்போ நேரத்தை அஞ்சு செகண்டுக்கு எறக்குங்க. புதுசா வர்றவங்க பண்ற தப்பு, நாயை உட்கார வெச்சுட்டு தூரத்துல போய் நின்னு "வா" ன்னு கூப்பிடறது. நாலு தடவை இப்படிக் கூப்பிட்டா உட்கார்றதுன்னாலே கிளம்பத் தயாரா இருக்கறதுன்னு அது அர்த்தம் பண்ணிக்கும். நீங்கதான் அதுகிட்ட திரும்பிப் போகணும், போய் அங்கேயே தீனி குடுக்கணும். பத்துல ஒரு தடவை மட்டும் கூப்பிடுங்க.

6. கூப்பிடற விசில்

மூணு நாலு சின்னச் சின்ன ஊதல், பிப் பிப் பிப். தட்டை வைக்கறதுக்கு முன்னாடி ஊதுங்க, ஒரு வாரத்துல அந்தச் சத்தம் கேட்டா வாலாட்டிட்டு சமையலறைக்கு வரும். அப்புறம் ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு, அப்புறம் வெளியில லாங் லைன்ல.

வரலைன்னா மறுபடி மறுபடி ஊதக்கூடாது. ஒருதரம் ஊதி, வரலைன்னா கயிறைப் பிடிச்சுக்கிட்டே நீங்க எதிர்ப்பக்கம் ஓடுங்க, துரத்தறது நாய்க்குப் பிடிக்கும், வந்துரும். லேட்டா வந்தாலும் திட்டாதீங்க, அது கடைசியாப் பண்ணது வந்ததுதான், நீங்க அதுக்குத்தான் திட்டுனீங்கன்னு நெனைக்கும். வீட்டுக்குக் கிளம்பறப்ப மட்டும் ஊதிக் கூப்பிடற பழக்கமும் வேணாம், விசில்னா விளையாட்டு முடிஞ்சுதுன்னு ஆயிரும்.

7. ஹீல்

இதுல அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை, பொறுமைதான். இடது காலுக்குப் பக்கத்துல தலை இருக்கணும், கயிறு தொங்கணும். முன்னாடி இழுத்தா நீங்க திரும்பி நடங்க, ஒவ்வொரு தடவையும். பதினஞ்சு நாளைக்கு எங்கேயும் போய்ச் சேர மாட்டீங்க, புளோக்குக்குக் கீழயே முன்னும் பின்னும் நடந்துட்டு இருப்பீங்க, கோப்பிக்கடை அங்கிள்கள் "என்னப்பா எதாச்சும் தொலைச்சிட்டியா" ன்னு கேப்பாங்க. பரவாயில்லை. பக்கத்துல நடக்கத் தெரியாத நாய் பக்கத்துல உட்காந்து காத்திருக்காது.

8. ஸ்டாப் விசில்

ஒரே ஒரு நீளமான ஊதல். கேட்ட இடத்துல உட்காந்து உங்களைப் பார்க்கணும். இதை மட்டும் சரியாச் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா மத்ததெல்லாம் லேசு, ரோட்டுப் பக்கம் ஓடற நாயை நிறுத்தறதுக்கும் இதுதான்.

ஹீல்ல நடக்கறப்ப ஆரம்பிங்க. நீங்க நிக்கறீங்க, ஊதறீங்க, உடனே "சிட்". ஒரு வாரம் கழிச்சு "சிட்" டை விட்டுருங்க, ஊதல் மட்டும். வலது கையை உள்ளங்கை தெரியற மாதிரி உயர்த்துங்க, பின்னாடி தூரத்துல காத்து அடிச்சு விசில் கேக்கலைன்னாலும் கை தெரியும்.

அடுத்து நாய் உங்களை விட்டு ரெண்டு மூணு மீட்டர் தள்ளி மோந்துட்டு இருக்கறப்ப ஊதுங்க. உட்காந்த உடனே தீனியை அது தலைக்கு மேலாப் பின்பக்கம் வீசுங்க. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் நான் ஒரு வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்டேன். உங்க கையில இருந்து தீனி குடுத்தீங்கன்னா ஊதுன உடனே உங்களை நோக்கி நாலடி வந்துட்டுத்தான் உட்காரும், ஏன்னா பரிசு உங்ககிட்ட இருக்கு. பின்னாடி விழுந்தா இருந்த இடத்துலயே உட்காரும்.

கடைசியா உங்களை நோக்கி ஓடி வர்றப்ப நடுவுல நிறுத்தறது. இதை அஞ்சு தடவைக்கு ஒருதரம் மேல பண்ணாதீங்க. மிளகு ஒரு கட்டத்துல கூப்பிட்டா கல்யாணப் பொண்ணு மாதிரி மெதுவா நடந்து வர ஆரம்பிச்சா, எப்படியும் பாதியில நிறுத்துவான்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. மூணு வாரம் ஸ்டாப்பையே தொடாம வெறும் கூப்பிடறது மட்டும் பண்ணித்தான் பழைய வேகம் வந்துச்சு.

9. கவ்விட்டு வர்றது, கையில குடுக்கறது

இப்பத்தான் டம்மி. அதுவும் வெளியில இல்லை. ரூமுக்குப் போற காரிடாரில எல்லாக் கதவையும் சாத்துங்க, நீங்க வாசல்ல தரையில சப்பணம் போட்டு உட்காருங்க. மூணு மீட்டர் தள்ளி டம்மியை உருட்டி விடுங்க. நாய் போகும், எடுக்கும், திரும்பும், உங்களைத் தவிர போறதுக்கு வேற வழியே இல்லை.

வந்த உடனே கையை டம்மிக்கு நீட்டாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இது. கை நீண்டா, பிடுங்க வர்றாங்கன்னு தலையைத் திருப்பும், இல்லைன்னா எட்டத்துலயே கீழ போட்டுரும். நெஞ்சையும் காது ஓரத்தையும் தடவிக் குடுங்க, டம்மி வாயிலயே இருக்கட்டும், பெருமையா நிக்கட்டும். பத்து செகண்ட் கழிச்சு தாடைக்குக் கீழ கையை வெச்சு "குடு". உடனே திருப்பிக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லது, குடுத்தா போயிறாதுன்னு நம்பிக்கை வரும். கயிறு இழுக்கற விளையாட்டை டம்மி வெச்சு யாரும் விளையாட வேணாம், பையன்கிட்ட முக்கியமாச் சொல்லி வைங்க, கடிச்சுப் பிடிக்கற வாய் அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு நாளைக்கு ரெண்டு, மிஞ்சுனா மூணு. இன்னும் வேணும்னு அது பார்க்கறப்பவே நிறுத்துங்க.

இங்க எங்க வீட்டுக் கதையைச் சொல்லியாகணும். மிளகு ஒருநாள் அம்மாவோட கோயிலுக்குப் போற செருப்பைக் கவ்விட்டு வாலாட்டிக்கிட்டே நேரா என்கிட்ட வந்தா, நான் ஒரு கத்து கத்துனேன். அடுத்த வாரம் டம்மியைக் கவ்வுன உடனே சோபாவுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. கவ்விட்டு அப்பாகிட்ட போனா திட்டு விழும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அதுல இருந்து எதைக் கொண்டு வந்தாலும், செருப்போ ரிமோட்டோ, "ஆகா, குடு" ன்னு வாங்கி வெச்சுட்டு, செருப்பை அலமாரியில பூட்டறதுன்னு முடிவு பண்ணோம். அம்மாவுக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகலை.

10. விழுந்தாலும் அசையாம இருக்கறது

ஸ்டெடின்னு சொல்வாங்க. நாயை உட்கார வெச்சு ஸ்லிப் லீட்டைத் தளர்வா கையில பிடிச்சுக்கோங்க, அஞ்சு மீட்டர் தள்ளி டம்மியை வீசுங்க. எழுந்தா பேசாம மறுபடி உட்கார வைங்க. உட்காந்திருந்தா பாராட்டிட்டு, நீங்களே நடந்து போய் டம்மியை எடுத்துட்டு வாங்க.

ஆமா, நீங்களேதான். மூணு எறிஞ்சா ரெண்டு நீங்க எடுக்கணும், ஒண்ணு மட்டும் நாய்க்கு. காசு குடுத்து நாய் வாங்கிட்டு நான் எதுக்கு ஓடணும்னு லட்டு வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் கேட்டார். எறிஞ்சது எல்லாம் எனக்குத்தான்னு நாய் முடிவு பண்ணிட்டா கை அசையறப்பவே கிளம்பிரும், எறிஞ்சதுல கொஞ்சம்தான் எனக்கு, எதுன்னு எறியறவர் சொல்வார்னு நெனச்சா உங்க முகத்தைப் பார்க்கும். தினம் அம்பது தடவை டென்னிஸ் பந்து எறியற வீட்டு நாயை இதுக்குத் திருப்பறதுதான் ரொம்பக் கஷ்டம், அந்தப் பந்தை இன்னிக்கே ஒளிச்சு வைங்க.

அனுப்பறப்ப காத்திருக்கற நேரத்தை மாத்திக்கிட்டே இருங்க, ஒருதடவை மூணு செகண்ட், ஒருதடவை இருபது. ஒரே தாளத்துல பண்ணா நாய் உங்க சொல்லுக்குப் போகாது, தாளத்துக்குப் போகும். சில பேருக்குச் சொல்றதுக்கு முன்னாடி தோள் லேசா அசையும், நாய் அதைத்தான் பார்த்துட்டு இருக்கும். போன்ல வீடியோ எடுத்துப் பாருங்க, தெரியும்.

11. ஞாபகத்துல வெச்சு எடுக்கறது, அப்புறம் திசை

நாயோட நடந்துட்டே இருக்கறப்ப அது பார்க்கற மாதிரி டம்மியைக் கீழ போடுங்க. எட்டு அடி தள்ளிப் போய்த் திரும்புங்க, உட்கார வைங்க, இடது கையை டம்மி இருக்கற திசைக்கு நேரா தலைக்குப் பக்கத்துல காட்டி "பேக்". கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க. ஒரு வேலியோ சுவரோ ஓரமாப் பண்ணா நேர்க்கோட்டுல போகப் பழகும். 10 மீட்டர் கயிறுக்குமேல பண்ண, மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடற வேலி போட்ட இடம் பிடிக்கணும், நாங்க நாலு பேரு சேர்ந்து எடுத்துக்கறோம்.

திசைக்கு, நாயை உங்களைப் பார்த்து உட்கார வெச்சு டம்மியை அதோட வலப்பக்கம் மட்டும் வீசுங்க, காத்திருக்க வைங்க, கையை அந்தப் பக்கம் நீட்டி அனுப்புங்க. ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது, ஒரு வாரம் பின்னாடி. முதல் நாளே மூணு பக்கமும் மூணு டம்மி போட்டா அது குழம்பி நடுவுல நின்னு குரைக்கும். ரெண்டு பக்கம் டம்மி போட ஆரம்பிச்சப்புறமும் கடைசியா விழுந்ததுக்கே நாய் போகப் பார்க்கும், அதனால முதல்ல விழுந்ததை எடுக்க அனுப்பிப் பழக்குங்க.

12. சத்தம்

துப்பாக்கி இல்லைன்னா சத்தத்துக்கு என்ன பண்றது? சிங்கப்பூர்ல 1972ல இருந்தே பட்டாசுக்குத் தடை, ஊர்ல வளர்ற நாய் மாதிரி தீபாவளிக்குத் தீபாவளி பழகற வாய்ப்பும் கிடையாது. ஆனா தேசிய தின ஒத்திகை இருக்கே. ஆகஸ்ட் 9க்கு முன்னாடி சில வாரக்கடைசியில போர் விமானமும் வாணவேடிக்கையும் போட்டு அதிர விடும். அதைப் பக்கத்துல போய்க் காட்டாதீங்க, ரொம்பத் தூரத்துல, முணுமுணுன்னு கேக்கற இடத்துல உட்காந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கோழி குடுங்க. சத்தம் முதல்ல, கோழி அப்புறம், இந்த வரிசை மாறக்கூடாது, மாறுனா கோழியைப் பார்த்தாலே ஏதோ வெடிக்கப் போகுதுன்னு பயப்படும்.

மத்த நாள்ல போன்ல வெடிச்சத்தம் போட்டு, சாப்பிடறப்ப ரொம்ப மெதுவா வெச்சு வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்துங்க. சாப்பிடறதை நிறுத்திட்டுத் தலையைத் தூக்குனா ரெண்டு படி எறக்குங்க.

13. ஒரு நாள் காலை எப்படிப் போகும்

ஆறேமுக்கால், கீழ எறங்கி முதல்ல ஒண்ணுக்குப் போக விடுவோம், நிரம்பின வயித்தோட பயிற்சி கிடையாது. பத்து நிமிஷம் ஹீல். அஞ்சு நிமிஷம் ஸ்டாப் விசில், நாலு தடவைக்கு மேல ஊத மாட்டேன். தண்ணி. அப்புறம் டம்மி மூணு, ரெண்டு நான் எடுப்பேன், ஒண்ணு அவ. அரை மணி நேரத்துல முடிஞ்சுது. சரியா வராத நாள்ல முந்தின வாரம் பண்ணதை ஒண்ணு பண்ணி, அது ஒழுங்கா வந்த உடனே கிளம்பிருவேன். மழை இருட்டிக்கிட்டு வந்தா மின்னலுக்கு முன்னாடியே கட், திறந்த திடல்ல நிக்கற ஆள் நாமதான் உயரமா இருப்போம்.

வீட்டுக்கு வந்து பாதத்தைக் கழுவி, காதுக்குள்ளயும் கால் விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கான்னு விரலால தடவிப் பார்க்கறது, உயரமான புல்லுல போன நாள்ல கட்டாயம். சாப்பாடு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான், மூச்சு வாங்கறது நின்னப்புறம். தட்டோட குனியறேன், அவ உட்கார்றா, ஒண்ணு ரெண்டு மூணு, "சரி".